கண்டெடுத்த பொருள்களின் கலை



கண்ணால் காண வேண்டிய ஒன்றைக் காதுக்குச் சொல்ல வந்திருக்கிறேன். இசையைப் பற்றி வானொலியில் பேசுவோர் இடையிடையே ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு இளைப்பாறலாம். ஓவியத்தைப் பற்றிப் பேசுபவனுக்கு அந்த வசதி கிடையாது. ஆயினும், இன்று நான் பேசவிருக்கும் கலையில் ஒரு நன்மை உண்டு. அது எந்தப் பொருள்களால் ஆக்கப்படுகிறதோ அந்தப் பொருள்களை நீங்கள் ஒவ்வொருவரும் கையால் தொட்டு அறிந்திருக்கிறீர்கள். பேருந்துப் பயணச் சீட்டு, தீப்பெட்டியின்மேல் ஒட்டிய படம், செய்தித்தாளின் கிழிந்த மூலை, புட்டியின் மூடி, உடைந்த வளையல், பழைய மிதிவண்டியின் இருக்கை ஆகியவையே அப்பொருள்கள். பெயர் சொன்ன மாத்திரத்தில் அவை உங்கள் மனக்கண்முன் வந்து நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

பொருளுக்குள் நுழையுமுன் என் பிழை ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட நிரம்பாத காலம் அது. எங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. கணக்கு நடத்திக்கொண்டிருந்த என்னிடம் எட்டாம் வகுப்பின் ஓவியப் பாடவேளையையும் ஒப்படைத்தார்கள். ‘எங்கள் ஊர்ச் சந்தை’ என்று தலைப்புக் கொடுத்து, வீட்டில் வரைந்து வண்ணம் தீட்டி எடுத்து வருமாறு சொன்னேன். ஒரு மாணவன் கொண்டுவந்த தாளில் ஒரு கோடுகூட இல்லை. இளஞ்சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான பேருந்துச் சீட்டுகளை வெட்டி, சந்தைக் கடைகளின் நிழற்குடைகளாக ஒட்டியிருந்தான். தீப்பெட்டிப் படத்திலிருந்த காளை ஒன்று வண்டியில் பூட்டப்பட்டிருந்தது. வெற்றிலைக் கடை இருந்த இடத்தில் உண்மையான பாக்குப் பொட்டலத் தாள். நெல் குவித்திருந்த இடத்தில் உண்மையான உமி. சோற்றுக் கஞ்சியைப் பசையாகத் தடவியிருந்ததால் தாள் உலர்ந்து சுருங்கி, அப்பளம்போல் வளைந்திருந்தது. “வரைந்து வரச் சொன்னேனா, ஒட்டி வரச் சொன்னேனா?” என்று கேட்டேன். “வண்ணம் இல்லை, ஐயா” என்றான் அவன். தாளின் மூலையில் ஒரு சுழியை இட்டு, பென்சிலாலாவது வரைந்து வரும்படி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதை நான் மறந்தே போயிருந்தேன். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு கல்லூரி நூலகத்தில், ஐரோப்பிய ஓவியம் பற்றிய பெரிய நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் இருந்தது, டிராம் வண்டிச் சீட்டுகளையும் அஞ்சல் உறைத் துண்டுகளையும் விளம்பரத் தாள்களையும் ஒட்டி ஆக்கிய ஓர் ஓவியம். அதன்கீழ் குர்ட் ஷ்விட்டர்ஸ் என்ற பெயர் இருந்தது. அந்தக் கணத்தில் என் நினைவுக்கு வந்தது உமி ஒட்டிய அந்தத் தாள்தான்.

இவ்வகைப் படைப்புக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் ‘கொலாஜ்’. ஒட்டுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. நாம் ஒட்டோவியம் எனலாம். தாளைத் தாள்மேல் ஒட்டும் வழக்கம் உலகில் மிகப் பழையது. ஓவியம் என்று மதிக்கத்தக்க ஒன்றுக்குள் தெருவிலும் கடையிலும் கிடைக்கும் பொருளை அப்படியே கொண்டுவந்து வைக்கும் துணிவுதான் புதியது. அது பிறந்த ஆண்டு 1912. அவ்வாண்டில் பாப்லோ பிக்காசோ, நாற்காலியின் பிரம்புப் பின்னலைப் போல அச்சிட்ட மெழுகுத்துணித் துண்டொன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டி, முட்டை வடிவான அப்படத்தைச் சுற்றிலும் ஒரு கயிற்றையே சட்டமாகக் கட்டினார். அதே ஆண்டில் அவருடைய நண்பர் ஜார்ஜ் பிராக், மர ரேகை அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். மரத்தை வரையும் வேலையை அச்சுத்தாளே செய்துவிட்டது. அப்படியானால் ஓவியனுக்கு என்ன வேலை மிச்சம்? எந்தத் துண்டு, எந்த இடத்தில், எதன் பக்கத்தில் என்று தீர்மானிக்கும் வேலை மிச்சம். அது சிறிய வேலையன்று. செய்யுளில் சொற்களைப் புதிதாகப் படைப்பவர் எத்தனை பேர்? எல்லோரும் பேசும் சொல்லையே எடுத்து, இடம் அறிந்து வைப்பவனைத்தானே நாம் கவி என்கிறோம்.

ஷ்விட்டர்ஸைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் 1887ஆம் ஆண்டு பிறந்தவர். டிரெஸ்டன் நகரத்துக் கலைக்கழகத்தில் முறையாக ஓவியம் பயின்றவர். மனித முகத்தையும் மலைக்காட்சியையும் பார்த்தபடி வரையும் ஆற்றல் அவருக்கு இறுதிவரை இருந்தது. பிழைப்புக்காக அவற்றை வரைந்தும் வந்தார். இதை நான் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “வரையத் தெரியாதவர்கள்தாம் ஒட்டுகிறார்கள்” என்று பலர் எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

முதல் உலகப் போரில் அவர் ஓர் இரும்பாலையில் தொழில்நுட்ப வரைபடம் எழுதும் பணியில் வைக்கப்பட்டார். 1918இல் ஜெர்மனி தோற்றது. பேரரசு கவிழ்ந்தது, வேலையின்மையும் பசியும் கலகமும் தெருவெங்கும் நிறைந்தன. உடைந்துபோன உலகத்திலிருந்து ஏதாவது ஆக்க வேண்டுமானால் உடைந்த துண்டுகளைக்கொண்டே ஆக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தெருவில் கிடந்த சீட்டுகள், கம்பி, மரச்சில், துணிக்கந்தல், சாக்லேட் சுற்றிய தாள் ஆகியவற்றைப் பொறுக்கிக்கொண்டு வீடு சேர்வார். 1919இல் அவர் செய்த படைப்பொன்றில் ஒரு வங்கி விளம்பரத்தின் துண்டு ஒட்டப்பட்டிருந்தது. வணிகம் என்று பொருள்படும் ‘கொமெர்ஸ்’ என்ற சொல் அதில் பாதியாக அறுபட்டு, ‘மெர்ஸ்’ என்னும் எழுத்துகள் மட்டும் எஞ்சி நின்றன. பொருளற்ற அந்த ஒலியையே தம் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். பெயரும் கண்டெடுத்த பெயர்தான்!

இதன்பின் ஜெர்மனியில் பணவீக்கம் தலைவிரித்தாடியது. 1923ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4,20,000 கோடி மார்க் கொடுக்க வேண்டியிருந்தது. கணக்கு ஆசிரியனாகிய நான் இந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி மாணவர்களைத் திகைக்க வைத்ததுண்டு. காலையில் பணமாக இருந்த தாள் மாலையில் வெறும் தாளாகிவிடும் நாட்டில், எறிந்த தாளுக்கும் எறியாத தாளுக்கும் எவ்வளவு வேறுபாடு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஷ்விட்டர்ஸின் சிறு படங்களை வேடிக்கை என்று ஒதுக்கத் தோன்றும்போதெல்லாம் நான் இந்த எண்ணை நினைத்துக்கொள்வேன்.

அந்த 1923ஆம் ஆண்டளவில் அவர் தம் வீட்டு அறைக்குள்ளேயே ஒரு விந்தைக் கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார். கண்டெடுத்த பொருள்களைத் தூண்போல் அடுக்கி, மரத்தாலும் சுண்ணத்தாலும் இணைத்து, இடையிடையே சிறு குகைகள் அமைத்து, நண்பர்களின் நினைவுப் பொருள்களை அவற்றுள் வைத்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அது அறையை நிறைத்து அடுத்த அறைக்கும் பரவியது. ‘மெர்ஸ் கட்டடம்’ என்று அதற்குப் பெயர். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் இத்தகைய கலையைச் ‘சீரழிந்த கலை’ என்று பழித்து, 1937இல் மக்கள் எள்ளி நகையாடுவதற்காகவே மியூனிக் நகரில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். ஷ்விட்டர்ஸின் படைப்புகளும் அதில் இழிவுபடுத்தப்பட்டன. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அவர் நார்வேக்குத் தப்பிவிட்டார். 1943இல் நேச நாட்டு விமானங்கள் ஹானோவர்மேல் வீசிய குண்டுகளில் மெர்ஸ் கட்டடம் அழிந்தது. துரத்தியது ஒரு தரப்பு. இடித்தது மற்றொரு தரப்பு.

ஜெர்மன் படை 1940இல் நார்வேயைப் பிடித்தபோது அவர் பிரிட்டனுக்கு ஓடினார். அங்கே அவர் அகதி என்று வரவேற்கப்படவில்லை. பகை நாட்டான் என்று மான் தீவிலிருந்த முகாமில் அடைக்கப்பட்டார். அம்முகாமில் ஓவியர்களும் பேராசிரியர்களும் இசைவாணர்களும் பலர் இருந்தார்கள். வண்ணமும் துணியும் போதாத அந்த இடத்தில் ஷ்விட்டர்ஸ் என்ன செய்தார் தெரியுமா? தரையில் விரித்திருந்த லினோலியத்தைப் பெயர்த்து அதன்மேல் ஓவியம் எழுதினார். காலை உணவாகக் கிடைத்த ஓட்ஸ் கஞ்சியில் மிச்சத்தைச் சேர்த்துச் சிற்பம் செய்தார். அவை பூஞ்சை பூத்து நாற்றமெடுத்ததாக உடனிருந்தோர் நகைச்சுவையுடன் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். “வண்ணம் இல்லை, ஐயா” என்ற குரலை நான் இந்த இடத்தில் மீண்டும் கேட்டேன். கஞ்சிகூட ஒன்றாகவே அமைந்துவிட்டது.

விடுதலையான பின் சில ஆண்டுகள் இலண்டனில் வாழ்ந்து, பிறகு இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள ஏரி நாட்டில் குடியேறினார். 1947இல் எல்டர்வாட்டர் என்னும் சிற்றூரில் ஒரு கல் கொட்டகையின் சுவரில் மூன்றாம் முறையாகத் தம் கட்டடத்தைத் தொடங்கினார். நார்வேயில் தொடங்கிய இரண்டாவதை விட்டு ஓடி வந்திருந்தார். சுவரில் சுண்ணத்தைப் பூசி, கற்களையும் மரக்கிளையையும் பூவாளியின் சல்லடை முகத்தையும் அதில் பதித்தார். ஒரு சுவர்கூட முற்றுப்பெறவில்லை. 1948ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் அவர் மறைந்தார். பிரிட்டன் அவரைத் தன் குடிமகனாக ஏற்பதாகச் செய்தி வந்தது அதற்கு முந்திய நாளில். அந்தச் சுவரை 1965இல் பெயர்த்தெடுத்து நியூகாசில் நகரத்து ஹாட்டன் கலைக்கூடத்தில் நிறுவினார்கள். இன்றும் அது அங்கே இருக்கிறது.

ஓரிடத்தில் மட்டும் ஷ்விட்டர்ஸோடு எனக்கு வேறுபாடு உண்டு. ஒட்டிய துண்டு முன்பு எதற்குப் பயன்பட்டது என்பது பெரிதன்று, நிறமும் வடிவும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவே பெரிது என்பது அவர் கொள்கை. உறவு பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய படத்தில் ஒரு டிராம் சீட்டைக் காணும்போது, யாரோ ஒருவர் அதைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனார் என்ற எண்ணம் எனக்கு எழாமல் இருப்பதில்லை. நீலத் தாளுக்குப் பக்கத்தில் அது வெறும் மஞ்சள் சதுரமாகவும் நிற்கிறது. அதே வேளையில் ஒரு மனிதரின் ஒரு நாளாகவும் நிற்கிறது. தூரிகையால் தீட்டிய மஞ்சளுக்கு இந்த இரட்டைப் பிறவி இல்லை. பொருளின் பழைய வாழ்வு அழியாமல், புதிய வாழ்வும் அதற்குக் கிடைக்கிறதே, அதுதான் இந்தக் கலையின் உயிர் என்று நான் கருதுகிறேன்.

தாளை விட்டுப் பருப்பொருளுக்கு வந்தால் இது இன்னும் தெளிவாகும். பொருள்களைச் சேர்த்து ஆக்கும் முப்பரிமாணப் படைப்பை ‘அசெம்பிளாஜ்’ என்பார்கள். 1961இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம் இந்தப் பெயராலேயே ஒரு பெருங்கண்காட்சி நடத்தியபின் சொல் எங்கும் பரவியது. நாம் இணைப்புச் சிற்பம் என்று சொல்லிக்கொள்வோம். வானொலியிலேயே செய்து காட்டக்கூடிய இணைப்புச் சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பழைய மிதிவண்டியின் தோல் இருக்கையை, கூர்முனை கீழே இருக்குமாறு சுவரில் மாட்டுங்கள். அதன் தலைப்பில் மிதிவண்டியின் கைப்பிடியை, இரு முனைகளும் மேல்நோக்குமாறு பொருத்துங்கள். என்ன தெரிகிறது? காளையின் தலையும் கொம்பும்! பிக்காசோ 1942இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸ் நகரில் செய்தது இது. அதில் இருக்கை இருக்கையாகவே இருக்கிறது. ஒரு கணம் காளை தெரிகிறது. மறுகணம் மிதிவண்டி தெரிகிறது. இரண்டும் மாறி மாறித் தெரிவதில்தான் மகிழ்ச்சி.

இங்கே நம் பள்ளிகளைப் பற்றி ஒரு சொல். ‘கழிவுப் பொருளிலிருந்து கலைப்பொருள்’ என்று ஆண்டுதோறும் போட்டிகள் நடத்துகிறோம். நடுவராக நான் பலமுறை அமர்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் புட்டியைப் பொன்வண்ணத்தால் மூடி, மேலே ஜிகினா தூவி, பூச்சாடி என்று கொண்டுவருவார்கள். அது புட்டி என்பது எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு மதிப்பெண். நாங்களும் ஆசிரியப் பயிற்சியில், அட்டைப் பெட்டியைக்கொண்டு துணைக்கருவி செய்யும்போது, அட்டை என்று தெரியாமல் தாள் சுற்றுவதையே திறமை என்று கற்றோம். அது சிக்கனம், கைவேலை, நல்ல பழக்கம். ஆனால் நான் சொல்லும் கலை அதற்கு நேர் எதிரானது. இங்கே புட்டி தான் புட்டி என்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

நம் நாட்டில் இதற்குப் பெரிய சான்று சண்டிகரில் உள்ள கற்பூங்கா. ஆசிரியர்கள் சிலராகச் சுற்றுலா சென்றபோது ஒருமுறை அதைக் கண்டிருக்கிறேன். அதை ஆக்கிய நேக் சந்த் கலைக்கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். 1924இல் இன்று பாகிஸ்தானில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1947இல் நாடு பிரிந்தபோது ஊரை இழந்து இப்பக்கம் வந்தவர். சண்டிகர் என்னும் புது நகரம் லெ கொர்புசியே என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி எழும்பிக்கொண்டிருந்த நாளில், பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்தார். அந்நகருக்கு இடம்விட்டு, அங்கிருந்த சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. இடிபாட்டிலிருந்து உடைந்த ஓடு, பீங்கான், வளையல், மின்கருவித் துண்டு, துருப்பிடித்த மிதிவண்டிச் சட்டம் ஆகியவற்றை மிதிவண்டியில் ஏற்றி, நகரின் ஓரத்தில் ஒரு காட்டுப் பள்ளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்நிலம் அரசுக்கு உரியது; அங்கே எதுவும் கட்டக் கூடாது. ஆகவே பகலில் வேலை, இரவில் சிற்பம் என்று 1950களின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள் எவரும் அறியாமல் உழைத்தார். 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது நூற்றுக்கணக்கான உருவங்கள் அங்கே வரிசையாக நின்றன. சட்டப்படி இடித்திருக்க வேண்டும். இடிக்காமல் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதோடு, அவருக்குச் சம்பளமும் உதவியாளர்களும் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார்கள். அரசு அலுவலகங்களை நாம் குறை கூறும் பொழுதுகள் மிகுதி. இத்தகைய ஒன்றையும் நினைவில் வைப்பது நியாயம். அவருக்கு 1984இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, 2015இல் மறைந்தார்.

அங்கே பல வாயில்கள் தாழ்வானவை. குனிந்துதான் நுழைய வேண்டும். குனிந்து நிமிர்ந்தால், வளையல் துண்டுகளையே ஆடையாக அணிந்த பெண்ணுருவங்கள் கூட்டமாக நிற்கின்றன. அருகில் சென்று பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் ஒருத்தியின் மணிக்கட்டில் இருந்தது. ஊர் விட்டு ஊர் போனவர் கட்டியது என்பதை அறிந்து பார்க்கும்போது, அந்த உருவங்களின் வரிசை எதற்காகவோ காத்திருக்கும் மக்களைப் போலத் தோன்றியது. உடன் வந்த நண்பர் ஒருவர், “குழந்தைகளுக்கு ஏற்ற இடம்” என்றார். குழந்தைகள் ஓடிக் களித்துக்கொண்டிருந்ததும் உண்மை. நான் மறுத்துப் பேசவில்லை.

இன்று இத்துறையில் உலகம் அறிந்த பெரியவர் எல் அனட்சூயி. இவர் ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1944இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் பிறந்து, 1975 முதல் பல்லாண்டுகள் நைஜீரியாவின் இன்சுக்காப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தவர். 1990களின் இறுதியில், ஊர்ப்புறத்தில் எறிந்து கிடந்த ஒரு பை நிறைய மதுப்புட்டி மூடிகளை அவர் கண்டெடுத்தார். உடனே ஒன்றும் செய்யவில்லை. சில காலம் பட்டறையில் போட்டு வைத்திருந்தார். பிறகு அந்த அலுமினிய மூடிகளைத் தட்டையாக்கி, மடித்து, முறுக்கி, துளையிட்டு, செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று கோக்கத் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் கோத்தபோது உலோகம் துணியாயிற்று. தொலைவிலிருந்து பார்த்தால் பொன்னும் சிவப்பும் இழையோடும் பெரும் பட்டுத்திரை. கானாவில் அரச விழாக்களில் அணியும் கென்டே என்னும் துணியை அது நினைவூட்டும். நெருங்கினால் மூடிகளின் மேல் சாராய ஆலைகளின் பெயர்கள் அப்படியே படிக்கக் கிடைக்கின்றன.

ஏன் மதுப்புட்டி மூடி? ஐரோப்பிய வணிகர்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்து பண்டமாற்றுச் செய்த சரக்குகளுள் மதுவும் ஒன்று. அந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாக்கிக் கப்பலேற்றி, அமெரிக்கக் கண்டத்துக் கரும்புத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். கரும்பிலிருந்து சர்க்கரையும், சர்க்கரைப்பாகின் கழிவிலிருந்து ரம் என்னும் மதுவும் வந்தன. மூன்று கண்டங்களைப் பிணைத்த அந்தக் கொடிய வணிகம் முழுவதும் ஒரு மூடிக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதைப் பொன்வண்ணம் பூசி மறைத்திருந்தால் திரை அழகாகவே இருந்திருக்கும். ஆனால் இந்த வரலாறு போயிருக்கும். 2015இல் வெனிஸ் கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 2023இல் இலண்டன் டேட் கலைக்கூடத்தின் பெரிய கூடத்தில் கப்பற்பாய் போன்ற ஒரு மாபெருந் திரையைத் தொங்கவிட்டார்.

அவருடைய திரைகளுக்கு நிலையான வடிவம் இல்லை. ஒரு கலைக்கூடத்தில் மேலிருந்து கீழாக மடிப்பு விழும். அடுத்த ஊரில் அதையே பக்கவாட்டில் சுருக்கித் தொங்கவிடுவார்கள். மாட்டுபவர்கள் தம் விருப்பப்படி மடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். மாணவனைத் தம் அச்சில் வார்க்காத ஆசிரியர் இப்படித்தான் இருப்பார் போலும்.

நீங்கள் செய்து பார்க்க விரும்பினால் சில சொல்லுகிறேன். இதற்கென்று கடையில் வண்ணத்தாள் வாங்காதீர்கள். ஒரு வாரம் உங்கள் சட்டைப் பையிலும் வீட்டுக் குப்பைக்கூடையிலும் சேர்வதை ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். ஒட்டுவதற்கு முன் துண்டுகளைத் தாள்மேல் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள், பசைக்கு அவசரமில்லை. செய்தித்தாள் மட்டமான மரக்கூழால் ஆனது. வெயில் பட்டால் சில மாதங்களிலேயே பழுத்துவிடும். பிக்காசோவும் பிராக்கும் ஒட்டிய செய்தித்தாள் துண்டுகள் இன்று பழுப்பேறித்தான் காட்சி தருகின்றன. அவர்கள் கண்ட நிறத்தை நாம் காண முடியாது. சோற்றுக் கஞ்சியும் மைதாப் பசையும் பூச்சியை அழைக்கும். பழைய நூற்கட்டுநர்கள் பசையில் சிறிது மயில்துத்தம் கலப்பது அதனால்தான். அது நஞ்சு, நீங்கள் கலக்க வேண்டாம்.

என் எட்டாம் வகுப்பு மாணவன் மறுவாரம் சொன்னபடியே பென்சிலால் வரைந்து கொண்டுவந்தான். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, அதன்கீழ் நான்கு கடைகள். கோடுகள் நேராக இருந்தன. சந்தை கூடும் எங்கள் ஊரில் மலையே கிடையாது. நான் அதைப் பாராட்டி, நல்ல மதிப்பெண் கொடுத்து, பசை தடவி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவன் மலையும் சூரியனுமே வரைந்தான். உமி ஒட்டிய முதல் தாளை அவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றானா, வழியில் எறிந்தானா என்று நான் கேட்கவில்லை.